மரத்துக்கு ஏழு ரூபாய்

சித்திரை பிறந்துவிட்டால் சிறுமுகை, மேட்டுப்பாளையம், காரமடைப் பக்கத்து வாழைக்காரர்களுக்கு ராத்திரித் தூக்கம் போய்விடும். பகலெல்லாம் வெயில் கொளுத்தும். சாயங்காலம் மேற்கே மலைப்பக்கம் கருத்துக்கொண்டு வரும். மழை வந்தால் சந்தோஷம்தான். அதற்கு முன்னால் வருகிற காற்றுதான் வில்லங்கம். ஓணத்துக்குக் கேரளச் சந்தையில் இறக்க வேண்டும் என்று நாள் பார்த்து நட்ட நேந்திரன் அந்த நேரத்தில்தான் குலை தள்ளி நிற்கும். பாரம் முழுக்க உச்சியில் தொங்க, பத்து நிமிஷச் சூறைக்காற்று போதும், பத்து மாசப் பாடு மண்ணில் சாய்வதற்கு.

மறுநாள் காலையில் அந்தத் தோட்டங்களுக்குள் நடக்கவே முடியாது. இடுப்புயரத்தில் முறிந்த மரங்கள் ஒன்றின் மேல் ஒன்று கிடக்கும். முட்டுக் கொடுத்த சவுக்குக் கம்பும் கூடவே முறிந்திருக்கும். காயைத் தொட்டால் பால் பிசுபிசுக்கும், சதை பிடித்திருக்காது. வியாபாரி வந்து சுற்றிப் பார்த்து, முக்கால் விளைச்சல் கண்ட குலைகளை மட்டும் அடிமாட்டு விலைக்குக் கேட்பார். மற்றதெல்லாம் மாட்டுக்கு, இல்லாவிட்டால் வரப்போரம் மக்கிப்போக. கிடப்பதை வெட்டி அப்புறப்படுத்தக் கூலி ஆள் தேட வேண்டும்.

பிறகு அதிகாரிகள் வருவார்கள். கிராம நிர்வாக அலுவலரும் தோட்டக்கலைத் துறைக்காரரும் சேர்ந்து வந்து, சர்வே எண்ணைக் கேட்டு, செல்போனில் படம் எடுத்து, எழுதிக்கொண்டு போவார்கள். அவர்களிடம் எல்லாத் தோட்டத்திலும் ஒரே கேள்விதான் எழும்: "மரத்துக்கு எவ்வளவுங்க வரும்?"

அதற்கு அந்த அலுவலர்களால் பதில் சொல்ல முடியாது. அவர்கள் கையில் இருக்கும் விதியில் மரம் என்ற கணக்கே கிடையாது. ஹெக்டேர்தான் உண்டு. பாசன வசதியுள்ள நிலத்தில் பயிரோ தோட்டக்கலைப் பயிரோ ஓராண்டுத் தோட்டப் பயிரோ அழிந்தால் ஹெக்டேருக்கு 17,000 ரூபாய். ஏக்கருக்கு மாற்றினால் 6,882 ரூபாய். நேந்திரன் ஏக்கருக்கு ஆயிரம் மரம் என்று வைத்துக்கொண்டால், ஒரு மரத்துக்கு ஏழு ரூபாய்கூடத் தேறாது. கன்று, குழி, உரம், களை, தண்ணீர் பாய்ச்சும் கூலி, முட்டுக் கம்பு எல்லாம் சேர்ந்து ஒரு வாழைக்கு நூறு ரூபாய்க்குக் குறையாமல் போட்டவர் கையில் அந்த ஏழு ரூபாய் வந்து சேரும். அதுவும் வரும்போதுதான்.

கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் பேரிடர் நிவாரணம் என்றாலே விவசாயி முகம் சுளிப்பது ஏன் என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கு ஒன்று போதும். பணம் குறைவு என்பது அதில் ஒரு பாதி. இந்த விதிகள் யாருடைய நிலத்தை, எந்தப் பயிரை, எந்தப் பேரிடரை மனதில் வைத்து எழுதப்பட்டன என்பது மறுபாதி. ஆற்று வெள்ளம் ஏறி மூழ்கடிக்கும் நெல் வயலுக்குப் பொருந்துகிற சட்டையைக் கொங்குத் தோட்டத்துக்கு மாட்டிவிட்டிருக்கிறார்கள் என்பதுதான் என் வாதம்.

விதி என்ன சொல்கிறது?

2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு பேரிடர் நிவாரண நிதி உண்டு. தமிழ்நாடு போன்ற மாநிலங்களில் அதில் முக்கால் பங்கு மத்திய அரசுடையது, கால் பங்கு மாநிலத்தினுடையது. அந்த நிதியிலிருந்து எதற்கு எவ்வளவு தரலாம் என்று மத்திய உள்துறை அமைச்சகம் விதிமுறை வகுக்கிறது. 2022 அக்டோபரில் வந்த விதிமுறை 2025-26 வரைக்கானது. மானாவாரிக்கு ஹெக்டேருக்கு 8,500 ரூபாய், பாசனப் பயிருக்கு 17,000, தென்னை போன்ற பல்லாண்டுப் பயிருக்கு 22,500. எத்தனை ஏக்கர் அழிந்தாலும் ஒருவருக்கு இரண்டு ஹெக்டேர்தான் உச்சவரம்பு. இழப்பு 33 விழுக்காட்டைத் தொட்டிருக்க வேண்டும். 2015 வரைக்கும் இது 50 விழுக்காடாக இருந்தது. அந்த ஆண்டு ஏப்ரலில்தான் பிரதமர் மோடி அதைக் குறைத்து அறிவித்தார்.

இந்தத் தொகைக்கு அரசு வைத்திருக்கும் பெயர் இடுபொருள் மானியம். அடுத்த போகத்துக்கு விதையும் உரமும் வாங்க உதவி என்று பொருள். அழிந்த பயிரின் விலையைத் தருவதாக அரசு எங்கேயும் சொல்லவில்லை. ஆனால் செய்திகளிலும் மேடைகளிலும் இதை 'இழப்பீடு' என்றே அறிவிக்கிறார்கள். தோட்டத்தில் எதிர்பார்ப்பு அதற்கேற்ப ஏறுகிறது; வங்கிக் கணக்கில் வந்த தொகையைப் பார்த்ததும் ஏமாற்றம் கோபமாகிறது.

33 விழுக்காட்டை வாழைத் தோட்டத்தில் வைத்துப் பாருங்கள். ஆயிரம் மரத்தில் 320 விழுந்தால் விதிப்படி ஒன்றுமில்லை. 330 விழுந்தால் உண்டு. நெல் வயலில் மூன்றில் ஒரு பங்கு என்பது கண்ணளவு மதிப்பீடு. அதில் கூடக் குறைய இருக்கலாம். வாழையில் விழுந்தது எத்தனை, நிற்பது எத்தனை என்று ஒரு மணி நேரத்தில் ஒவ்வொன்றாக எண்ணிவிட முடியும். துல்லியமாக எண்ணக்கூடிய பயிரைத்தான் நாம் தோராயமான ஹெக்டேர் கணக்கில் தள்ளியிருக்கிறோம்.

மத்திய அரசின் பேரிடர்ப் பட்டியலில் புயல், வறட்சி, வெள்ளம், ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, மேக வெடிப்பு, பூச்சித் தாக்குதல், உறைபனி எல்லாம் உண்டு. கோடையில் ஒரு ஊரை மட்டும் அடித்துப் போகும் சூறைக்காற்று கிடையாது. புயல் என்றால் பெயர் வைத்து, வரைபடம் போட்டு, மூன்று நாள் முன்பே தொலைக்காட்சியில் காட்டுவார்கள். எங்கள் காற்றுக்குப் பெயர் இல்லை. அப்படிப்பட்ட உள்ளூர்ப் பேரிடர்களுக்காக நிதியில் பத்து விழுக்காடு வரை மாநிலம் தன் விருப்பத்தில் செலவிட விதியிலேயே இடம் இருக்கிறது. ஆகவே மனம் இருந்தால் சென்னையிலிருந்தே மார்க்கம் உண்டு.

5,465 ரூபாய் வந்த கதை

2016-இல் வடகிழக்குப் பருவமழை அறுபது விழுக்காட்டுக்கு மேல் பொய்த்தது. 2017 ஜனவரி 10 அன்று அப்போதைய முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் தமிழ்நாட்டின் 32 மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அறிவித்தார். நெல்லுக்கும் மற்றப் பாசனப் பயிர்களுக்கும் ஏக்கருக்கு 5,465 ரூபாய், மானாவாரிக்கு 3,000, நீண்டகாலப் பயிர்களுக்கு 7,287.

5,465 என்ன கணக்கு என்று அப்போது ஊர் ஊராகக் கேட்டார்கள். பயிரின் செலவையோ விலையையோ வைத்து வந்த எண் இல்லை அது. அன்றைய மத்திய விதியில் பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 13,500 ரூபாய். அதை ஏக்கராக்கினால் 5,465. பல்லாண்டுப் பயிருக்கு 18,000, ஏக்கராக்கினால் 7,287. உடுமலையில் வாடிய தென்னையும் தஞ்சாவூரில் காய்ந்த நெல்லும் டெல்லியில் போட்ட ஒரே வாய்ப்பாட்டில் வகுக்கப்பட்டன.

அந்த ஆண்டு கொங்குப் பகுதியில் நடந்ததை நேரில் பார்த்தவர்களுக்கு மறக்காது. ஆயிரம் அடி தாண்டியும் ஆழ்துளைக் கிணறுகளில் புகைதான் வந்தது. தென்னையைச் சாகவிடக் கூடாதென்று லாரித் தண்ணீரை விலைக்கு வாங்கி ஊற்றினார்கள். நெல் காய்ந்தால் அடுத்த மழைக்கு விதைக்கலாம். தென்னை காய்ந்தால் மறுபடி காய்ப்புக்கு வர ஐந்தாறு வருஷம் ஆகும். அந்த வருஷங்களில் வீட்டுச் செலவுக்கு, பிள்ளைகள் படிப்புக்கு, வங்கிக் கடனுக்கு என்ன வழி? ஹெக்டேர்க் கணக்கில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை.

மொத்தத்தில் 32.30 லட்சம் விவசாயிகளுக்கு 2,247 கோடி ரூபாய் என்று அரசு அறிவித்தது. கோடியில் கேட்கும்போது பெரிய தொகை. தலைக்கு வகுத்தால் ஏழாயிரத்துக்கும் குறைவு. மாநில அரசு மத்திய அரசிடம் கேட்டது 39,565 கோடி. வறட்சிக்காகக் கிடைத்தது 1,748 கோடி. நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. அந்த மார்ச்சில்தான் அய்யாக்கண்ணு தலைமையில் விவசாயிகள் டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தார்கள்.

வறட்சியின் போதே பொள்ளாச்சித் தோப்புகளில் புது எதிரி நுழைந்திருந்தது. சுருள் வெள்ளை ஈ இந்தியாவில் முதன்முதலாக 2016-இல் பொள்ளாச்சிப் பகுதியில்தான் பதிவானது. ஓலையின் அடியில் வெள்ளை வெள்ளையாகச் சுருள் போட்டு, சாற்றை உறிஞ்சி, கீழ் ஓலைகளில் கரும்பூசணம் படர வைத்துவிடும். இன்னொன்று கேரள வேர் வாடல் நோய். 1882-இல் பெருவெள்ளத்துக்குப் பிறகு கோட்டயம் பக்கத்து ஈராட்டுப்பேட்டையில் முதலில் தென்பட்ட நோய் அது. ஆனைமலை, பொள்ளாச்சித் தோப்புகளில் இன்று ஓலை தொங்கி, மஞ்சள் பாய்ந்து, காய் சிறுத்து நிற்கும் மரங்களைச் சாலையில் போகும்போதே பார்க்கலாம்.

இந்த நோயின் கொடுமை, மரம் உடனே சாவதில்லை. வருஷக்கணக்கில் நின்றுகொண்டே காய்ப்பு இழக்கும். நம்முடைய நிவாரண விதியோ ஒரு தேதியைக் கேட்கிறது: பேரிடர் எந்த நாளில் நடந்தது? பட்டியலில் பூச்சித் தாக்குதல் உண்டு. மெல்ல மெல்லப் பரவும் பயிர் நோய்க்குப் பெயர் இல்லை. கோவை மாவட்டத்தில் மட்டும் 80,000 ஹெக்டேருக்கு மேல் தென்னை இருக்கிறது. இத்தனை பெரிய சொத்து கண்ணெதிரே உருகுவதைப் பேரிடர் என்று சொல்ல நம்மிடம் ஒரு விதிகூட இல்லை.

தென்னைக்குக் காப்பீடு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. தென்னை வளர்ச்சி வாரியத்தின் திட்டத்தில் 16 முதல் 60 வயது வரையான மரத்துக்கு 14 ரூபாய் பிரீமியம். அதில் கால்பங்குதான் விவசாயி கட்டுவது. மரம் போய்விட்டால் 1,750 ரூபாய். ஆக, மரத்தை எண்ணித் தருகிற ஏற்பாடு நம் நாட்டுக்கு ஒன்றும் புதிதில்லை. ஆனால் மரம் செத்திருக்க வேண்டும், அல்லது இனி பயனில்லை என்றாகிவிட்டிருக்க வேண்டும். காய்ப்பு பாதியாகி இன்னும் நிற்கிற மரத்துக்கு அங்கேயும் வழி இல்லை.

நோய் முற்றிய மரத்தை வெட்டி அகற்றி, மறுநடவு செய்ய மானியங்கள் தனியே வருகின்றன. வாரியத்தின் மறுநடவுத் திட்டத்தில் நெடுங்காலமாக இருந்த விகிதம், மரத்துக்கு 1,000 ரூபாய், ஹெக்டேருக்கு 32 மரம் வரை. ஹெக்டேருக்கு 175 மரம் நிற்கும் தோப்பில் பாதிக்கு மேல் வாடிவிட்டால் 32 எந்த மூலைக்கு? காயங்குளத்து ஆராய்ச்சி நிலையம் தந்த கல்பரக்‌ஷா, கல்பஸ்ரீ போன்ற நோய் தாங்கும் ரகங்கள் இருக்கின்றன. நாற்று வேண்டிய அளவுக்குக் கிடைக்க வேண்டும், அது காய்க்கும் வரை குடும்பம் தாக்குப்பிடிக்க வேண்டும். இரண்டாவதற்கு எந்தத் திட்டத்திலும் ஒரு பைசா கிடையாது.

எண்ணித் தர முடியும்

மரத்தை எண்ணித் தருவதெல்லாம் நடைமுறைக்கு ஒத்துவராத ஆசை என்று சொல்பவர்களுக்கு மூன்று ஊர்களைக் காட்டுகிறேன்.

முதலாவது நம் டெல்டா. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரை கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணித் தோப்புகள் ஒரே ராத்திரியில் படுத்தன. அப்போது மத்திய விதி, பல்லாண்டுப் பயிருக்கு ஹெக்டேருக்கு 18,000 ரூபாய். தமிழ்நாடு அரசு அதோடு நிற்கவில்லை. விழுந்த மரம் ஒன்றுக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500 ரூபாய், ஹெக்டேருக்கு 175 மரம் என்று கணக்கிட்டு 1,92,500 ரூபாய் அறிவித்தது. விதியைவிடப் பத்து மடங்கு. தமிழ்நாட்டு அரசுக்கு மரத்தை எண்ணத் தெரியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. 2023 பிப்ரவரியில் பருவம் தவறிய மழையில் டெல்டா நெல் மூழ்கியபோதும் 17,000-ஐ 20,000 ஆக்கி முதல்வர் ஸ்டாலின் அறிவித்தார். டெல்டாவுக்குக் கொடுத்தது தவறென்று கொங்கு விவசாயி ஒருவரும் சொல்ல மாட்டார். அதே அளவுகோலைத்தான் அவர் கேட்கிறார்.

இரண்டாவது, வாளையாறு தாண்டினால் வரும் கேரளம். அங்கே மாநில அரசே நடத்தும் பயிர்க் காப்பீட்டில் வாழை மரக்கணக்கில்தான். மரத்துக்கு மூன்று ரூபாய் கட்டினால், குலை தள்ளிய நேந்திரன் விழும்போது 300 ரூபாய். தென்னைக்கு 2,000 ரூபாய். அங்கேயும் தொகை பாக்கி நிற்கிறது, வருஷக்கணக்கில் அலைகிறார்கள் என்ற புகார் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் எண்ணும் முறை சரியாக இருக்கிறது. எங்கள் மேட்டுப்பாளையத்து நேந்திரனைத் தின்னும் ஊரில் ஒரு மரத்துக்கு 300, விளைவிக்கும் ஊரில் ஏழு.

மூன்றாவது அமெரிக்கா. அங்கே ஒரு கவுண்டியில் ஏதேனும் ஒரு பயிர் 30 விழுக்காடு போனால் அதைப் பேரிடர்ப் பகுதியாக அறிவிக்கிறார்கள். அதுவரை நம் 33-ஐப் போலத்தான். ஆனால் மரப்பயிருக்கென்று தனித் திட்டம் வைத்திருக்கிறார்கள். வழக்கமாகச் சாகும் மரங்களைவிடக் கூடுதலாகச் செத்தால் உதவி கிடைக்கும். மறுநடவுச் செலவில் பொதுவாக 65 விழுக்காடு வரை அரசு ஏற்கிறது. பயிர் நோயும் அதில் பேரிடர்தான்.

நம் நாட்டிலும் பிரதமர் பயிர்க் காப்பீட்டில் வாழை இருக்கிறது. விவசாயி பங்கு ஐந்து விழுக்காடு. ஆனால் இழப்பீடு தனித் தோட்டத்தைப் பார்த்து வருவதில்லை. ஒரு பிர்க்கா முழுவதையும் ஓர் அலகாக எடுத்து, மாதிரி அறுவடை செய்து, முந்தைய ஆண்டுகளின் சராசரியோடு ஒப்பிடுகிறார்கள். ஒரு ஊரில் நூறு ஏக்கர் சாய்ந்து, அடுத்த பத்து ஊரில் தப்பித்திருந்தால் சராசரி இறங்காது. சாய்ந்தவருக்கு ஒன்றும் வராது. தனித் தோட்டமாகப் பார்க்கும் பிரிவு ஒன்று உண்டு. அதில் ஆலங்கட்டி, நிலச்சரிவு, நீர் தேங்குதல், மேக வெடிப்பு, இடியால் பற்றும் தீ ஆகியவை இருக்கின்றன. காற்று இல்லை. 2026 காரீஃப் பருவத்திலிருந்து காட்டு விலங்குச் சேதத்தையும் சேர்க்கப்போவதாக 2025 நவம்பரில் மத்திய அரசு அறிவித்தது. யானையும் பன்றியும் புகுந்து நாசம் செய்யும் தொண்டாமுத்தூர், காரமடை விவசாயிகள் பல வருஷம் கத்தியதற்குக் கிடைத்த பலன் அது. விலங்கைச் சேர்க்க முடியும் என்றால் காற்றைச் சேர்ப்பதில் என்ன தடை?

கத்தினால் பட்டியல் நகரும் என்பதற்குக் காங்கயம் சாட்சி. காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம், சென்னிமலைப் பக்கம் பட்டிகளில் தெருநாய்கள் புகுந்து ஆடுகளைக் குதறிப் போட்டன. வெள்ளத்தில் செத்தால் ஆட்டுக்கு 4,000 ரூபாய் என்று விதியில் இருக்கிறது. நாய் கடித்தால் அது பேரிடர் இல்லை. செத்த ஆடுகளைச் சாலையில் கிடத்தி மறியல் செய்தார்கள். 2025-இல் அரசு இறங்கிவந்து ஆட்டுக்கு 6,000 ரூபாய் என்றது. 1970 ஜூனில் மின்கட்டண உயர்வை எதிர்த்துப் பெருமாநல்லூரில் மூன்று விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்ட மண் இது. விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு காலத்திலிருந்தே கணக்குக் கேட்டுப் பழகியவர்கள் இந்த ஊர்க்காரர்கள்.

காகிதத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நிவாரணம், அடங்கல் என்ற கிராமப் பயிர்க் கணக்கில் உள்ள பயிருக்குத்தான். தென்னைக்குள் ஜாதிக்காயும் கோகோவும் ஊடுபயிராக வைத்திருப்பவரின் அடங்கலில் பல நேரம் தென்னை மட்டுமே இருக்கும். அண்ணன் தம்பி நாலு பேர் கூட்டுப் பட்டாவில் இருந்தால், உழுதவர் ஒருவர், பணம் போவது இன்னொருவர் கணக்குக்கு. வாழையில் வாய்ப்பேச்சுக் குத்தகை சகஜம். 1969-லேயே குத்தகை உரிமைப் பதிவுக்குச் சட்டம் இருந்தும் நில உடைமையாளர் கையெழுத்துப் போடத் தயங்குவார். கடைசியில் நட்டம் குத்தகைக்காரருக்கு, நிவாரணம் பட்டாக்காரருக்கு. 2024 நவம்பரில் வேளாண் கல்லூரி மாணவர்களை வைத்து மின்னணுப் பயிர்க் கணக்கெடுப்பு நடத்தினார்கள். அதில் நிலத்தோடு பயிரிடுபவர் பெயரும், மரப்பயிர் என்றால் எண்ணிக்கையும் ஏறினால், அடுத்த காற்றுக்குப் பிறகு அலுவலர் வெறுங்கையோடு தோட்டத்துக்கு வர வேண்டியிருக்காது.

வாழை, தென்னை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. காற்று வரும் வரை காத்திருக்க வேண்டாம். இந்தப் பசலிக்கான அடங்கலை இப்போதே வாங்கி, பயிர் பெயரும் பரப்பும் சரியா என்று பாருங்கள். காப்பீட்டின் தனித் தோட்டப் பிரிவில் அடங்கும் சேதமானால் 72 மணி நேரத்துக்குள் 14447 என்ற எண்ணில் காப்பீட்டுக்குத் தகவல் சொல்லிப் பதிவு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். கணக்கெடுக்க வருபவரிடம் எத்தனை மரம் விழுந்தது என்று எண்ணிக்கையாக எழுதச் சொல்லுங்கள். விண்ணப்பத்தின் நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள்.

மத்திய உள்துறையின் விதிமுறை 2025-26 வரைக்குத்தான் எழுதப்பட்டது; அடுத்த ஐந்தாண்டுக்கான விதியில் ஹெக்டேருக்கு ஆயிரமோ இரண்டாயிரமோ கூட்டி முடித்துவிட்டால் இன்னும் ஐந்து வருஷத்துக்கு இதே கதைதான். கோவை, பொள்ளாச்சி, திருப்பூர், ஈரோடு, நீலகிரி தொகுதிகளின் நாடாளுமன்ற உறுப்பினர்களும் விவசாயச் சங்கங்களும் சேர்ந்து மூன்றைக் கேட்டுப் பெற வேண்டும்: வாழைக்கும் தென்னைக்கும் மரக்கணக்கு, பட்டியலில் சூறைக்காற்று, பல்லாண்டுப் பயிரை அழிக்கும் நோய்க்குப் பேரிடர் என்ற அங்கீகாரம்.